எண்ணூரிலிருந்து ஒரு புயலைப் படிப்பது: செயற்கைக்கோள் பதிவும் கணினி மாடலும் – முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பர் 5 பிற்பகலில் மிக்ஜாம் புயல் கரை கடந்தது ஆந்திராவின் பாபட்லா பக்கத்தில். அதன் மையம் சென்னைக்கு வரவே இல்லை. கிழக்கே கடலில் சுமார் 100 கி.மீ. தள்ளி, வடக்கு நோக்கி மெல்ல ஊர்ந்து போனது. ஆனால் 3-ஆம் தேதி இரவு பிடித்து 4-ஆம் தேதி முழுக்கக் கொட்டிய மழையில் வியாசர்பாடியும் மணலியும் எண்ணூரும் தண்ணீரில் நின்றன. ஆகவே, "எங்கே கரை கடக்கும்?" என்ற கேள்வி வடசென்னைக்குப் போதாது. மழைப்பட்டை எங்கே நின்றது, எத்தனை மணி நேரம் நின்றது, அப்போது காற்று கடலிலிருந்து வந்ததா நிலத்திலிருந்து வந்ததா என்பதுதான் நமக்கு முக்கியம்.

இந்தக் கேள்விகளுக்கு வீட்டில் ஒரு கணினியை வைத்தே விடை தேட முடியும். செயற்கைக்கோள் மேகத்தின் மேல்பரப்பைக் காட்டும், அடியில் நடப்பதைக் காட்டாது. வளிமண்டலத்தைக் கணக்கிடும் நிரலான கணினி மாடல், மேகத்துக்குள் நடப்பது எல்லாவற்றையும் எண்களாகத் தரும், ஆனால் அது கணக்குதானே தவிர நடந்த சம்பவம் அல்ல. இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்கும்போதுதான் புயல் பிடிபடும். மிக்ஜாமையே எடுத்துக்கொண்டு வரிசையாகப் போகலாம். பொறியியல் கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், கொஞ்சம் பைத்தான் தெரிந்த யாராக இருந்தாலும் செய்து பார்க்கலாம்.

தேவையானவை

செயற்கைக்கோள் வேலைக்கு மட்டும் என்றால் 16 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி போதும். மாடலும் ஓட்டுவதாக இருந்தால் குறைந்தது 8 கோர், 32 ஜிபி நினைவகம், 500 ஜிபி காலியிடம் வைத்துக்கொள்ளுங்கள். உபுண்டு லினக்ஸ் நல்லது. விண்டோஸுக்குள் இயங்கும் லினக்ஸிலும் வேலை நடக்கும். பைத்தானில் எச்5பை, எக்ஸ்அர்ரே, கார்ட்டோபை, டபிள்யூஆர்எஃப்-பைத்தான் ஆகிய நான்கு நிரல்தொகுப்புகளும் வேண்டும்.

கணக்கு தொடங்க வேண்டிய தளங்களும் நான்கு: இஸ்ரோவின் மாஸ்டாக், நாசாவின் எர்த்டேட்டா, ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ், அமெரிக்க வளிமண்டல ஆய்வு மையமான என்காரின் தரவுக் காப்பகம். எல்லாவற்றிலும் பதிவு இலவசம்.

கூடவே ஒரு யுபிஎஸ். மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்ட் போவது புதிதல்ல. 15 மணி நேரம் ஓடிய கணக்கு பாதியில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். மாடலில் 'ரீஸ்டார்ட்' இடைவெளியை 360 நிமிடமாக வைத்துவிட்டால், கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடரலாம்.

முதல் படி: நேரத்தைச் சரிசெய்வது

எல்லாத் தரவும் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில்தான் வரும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். 4-ஆம் தேதி அதிகாலை 2.30 மணி மழை, கோப்பில் 3-ஆம் தேதி 21.00 என்று இருக்கும்.

இதைவிடப் பெரிய குழி ஒன்று உண்டு. வானிலை மையம் சொல்லும் "24 மணி நேர மழை", காலை 8.30-இலிருந்து மறுநாள் காலை 8.30 வரை, அதாவது 03 யுடிசி முதல் 03 யுடிசி வரை. செயற்கைக்கோள் மழைத் தரவின் 'தினசரி' கோப்போ 00 யுடிசி முதல் 24 யுடிசி வரை. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் மூன்று மணி நேரம் இடறும். அந்த மூன்று மணி நேரத்தில் பெருமழை பெய்திருந்தால் உங்கள் முடிவே தலைகீழாகும். அதனால் தினசரிக் கோப்பைத் தொடாதீர்கள். அரைமணிக் கோப்புகளை எடுத்து நீங்களே கூட்டுங்கள்.

இரண்டாம் படி: புயலின் பாதை

வானிலை ஆய்வுத் துறை புயல் முடிந்த பிறகு திருத்தி வெளியிடும் 'பெஸ்ட் ட்ராக்' அட்டவணையை எடுங்கள். மைய அட்சரேகை, தீர்க்கரேகை, மைய அழுத்தம், காற்றின் வேகம் எல்லாம் அதில் இருக்கும். அமெரிக்கக் கடற்படை மையத்தின் அட்டவணையும் கிடைக்கும். ஆனால் இரண்டிலும் உள்ள வேகங்களை ஒரே வரைபடத்தில் கலக்கக் கூடாது. நம் துறை 3 நிமிடச் சராசரியைச் சொல்கிறது, அவர்கள் 1 நிமிடச் சராசரி. ஒரே புயலுக்கு அவர்கள் எண் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நம் கணக்கில் மணிக்கு 62 முதல் 88 கி.மீ. வரை புயல், 89 முதல் 117 வரை தீவிரப் புயல், 118-இலிருந்து மிகத் தீவிரப் புயலும் அதற்கு மேற்பட்ட வகைகளும். மிக்ஜாம் தீவிரப் புயலாகக் கரை கடந்தது.

பாதையை வரைந்ததும், ஒவ்வொரு மணிக்கும் எண்ணூரிலிருந்து மையம் எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று கணக்கிட்டு ஓர் அட்டவணை போடுங்கள். இனி எல்லாப் படிக்கும் இதுதான் அடித்தளம். வடகோளத்தில் புயல் காற்று கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். மையம் நமக்குத் தென்கிழக்கே இருக்கும்போது வடகிழக்குக் காற்று, கடலை நம் மேல் தள்ளும். மையம் நேர் கிழக்கே வந்ததும் வாடைக்காற்று, கரையை ஒட்டி ஓடும். மையம் வடகிழக்கே போனதும் காற்று வடமேற்கு, மேற்கு என்று திரும்பி நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீர் வடியத் தொடங்கும் நேரத்தை இந்தத் திருப்பம் பெருமளவு தீர்மானிக்கிறது.

மூன்றாம் படி: அகச்சிவப்புப் படம்

மாஸ்டாக்கில் இன்சாட்-3டிஆர் இமேஜரின் முதல்நிலைத் தரவைக் கேளுங்கள். இந்தச் செயற்கைக்கோள் 2016 செப்டம்பரில் ஏவப்பட்டு, கிழக்கு 74 பாகையில் நிற்கிறது. அரைமணிக்கு ஒரு படம். இமேஜரில் ஆறு அலைவரிசை. நமக்கு முக்கியமானது 10.8 மைக்ரான் வெப்ப அகச்சிவப்பு, 4 கி.மீ. நுணுக்கம். பகலில் கண்ணுக்குத் தெரியும் ஒளிப்படம், 1 கி.மீ.

கோப்பைத் திறந்தால் வெப்பநிலை இருக்காது, 0 முதல் 1023 வரையிலான எண்ணிக்கைகள்தான் இருக்கும். அதே கோப்பில் 1024 வரிசை கொண்ட மாற்று அட்டவணை ஒன்று உண்டு. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் அதில் உள்ள கெல்வின் மதிப்பை எடுத்துப் போட்டால் 'பிரகாச வெப்பநிலை', அதாவது செயற்கைக்கோளுக்குத் தெரியும் பரப்பின் வெப்பநிலை, வந்துவிடும். எண்ணிக்கையையே நேராகப் படம் வரைந்துவிட்டுக் குழம்புவது எல்லாருக்கும் முதலில் நடப்பது.

நிறங்களை +20 முதல் -85 டிகிரி செல்சியஸ் வரை வையுங்கள். -70-க்குக் கீழே போகும் பகுதிக்குத் தனி நிறம் கொடுங்கள். அங்கேதான் காற்று மிக வேகமாக மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனால் குளிர்ந்த மேகம் எல்லாம் மழை மேகம் அல்ல. இடிமேகத்தின் உச்சியிலிருந்து பரந்து வெளியேறும் மெல்லிய படலமும் -50, -60 காட்டும், அடியில் ஒரு துளி விழாது. சிவப்பாக இருக்கும் ஒரு படத்தைப் பார்த்து "சென்னை முழுக்க மழை" என்று முடிவுகட்டுவது இதனால்தான் தவறாகிறது. அரைமணிப் படங்களைத் தொடராக ஓட்டிப் பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புதிதாகக் குளிர்முனை பிறந்தால் அது உண்மையான மழைப்பட்டை.

நம் கரைப் புயல்களில் அழகான கண் தெரிவது அபூர்வம். மேலடுக்குக் காற்று மேகக் கூட்டத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். கீழ்மட்ட மையம் மேகத்தின் ஓரத்தில், சில நேரம் வெளியிலேகூட இருக்கும். குளிர்ந்த மேகத்தின் நடுவில் மையத்தைக் குறித்தால் பல பத்து கி.மீ. தவறும். காலை ஒளிப்படத்தில் தாழ்வான மேக வரிகள் எதைச் சுற்றி வளைகின்றன என்று பாருங்கள், மையம் அங்கே. மேக அமைப்பை வைத்தே வலிமையை மதிப்பிடும் முறையை 1970-களில் வெர்னான் டுவோராக் வகுத்தார். அதில் வலிமையைக் குறிக்கும் டி எண் 2.5 என்றால் காற்று 35 நாட் (மணிக்கு 35 கடல் மைல்), 3.5 என்றால் 55 நாட்.

பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது என்று ஜப்பானின் ஹிமாவாரியை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது கிழக்கு 140.7 பாகையில் இருக்கிறது. சென்னையை மிகச் சாய்வாகப் பார்ப்பதால், 16 கி.மீ. உயர மேகம் படத்தில் மேற்கே 40 கி.மீ.க்கு மேல் தள்ளி விழும். காசிமேட்டுக்கு மேலே நிற்கும் மேகம் திருவள்ளூர் பக்கம் நிற்பது போலத் தெரியும். இன்சாட்டில் இந்தத் தள்ளல் 5 கி.மீ.க்குள் அடங்கும். நம் ஊருக்கு இன்சாட்தான் சரி என்று சொல்ல இது ஒன்றே போதும்.

நான்காம் படி: மேகத்துக்கு உள்ளே

நுண்ணலை மேகப் படலத்தை ஊடுருவும். மழையை அளக்கும் ஜிபிஎம் செயற்கைக்கோளின் 89 கிகாஹெர்ட்ஸ் படத்தில், உயரத்தில் உள்ள பனித்துகள்கள் கதிரைச் சிதறடிப்பதால் வலுவான மழைமேகம் குளிர்ந்து தெரியும். 37 கிகாஹெர்ட்ஸில் தாழ்வான மழைநீரே தெரியும், கடலின் குளிர்ந்த பின்னணியில் அது வெப்பமாக இருக்கும். கீழ்மட்டச் சுழற்சியைப் பிடிக்க 37-ஐப் பாருங்கள். குறை என்னவென்றால், இவை தாழ்வட்டச் செயற்கைக்கோள்கள். ஒரு நாளில் சில முறைதான் நம் கடலைக் கடக்கும்.

மழையளவுக்கு நாசாவின் ஐமெர்க் தரவு. அரைமணிக்கு ஒன்று, 0.1 பாகைக் கட்டம். முதல் பதிப்பு சுமார் 4 மணி நேரத்தில் வரும், இறுதிப் பதிப்பு சில மாதம் கழித்து மழைமானிகளோடு சரிசெய்யப்பட்டு வரும். பழைய புயலுக்கு இறுதிப் பதிப்பையே எடுங்கள். 0.1 பாகை என்பது சுமார் 11 கி.மீ., அதாவது ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மொத்தமே ஓரிரு கட்டம். மணலியில் எவ்வளவு, தண்டையார்பேட்டையில் எவ்வளவு என்று இதில் கேட்கக் கூடாது. கரையோரப் பெருமழையை இது குறைத்துக் காட்டுவதும் உண்டு. நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் மழைமானி அளவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிடும்.

கடல் மேல் வீசும் காற்றை அளக்க ஐரோப்பாவின் அஸ்காட் கருவி, இஸ்ரோவின் ஓஷன்சாட்-3 செயற்கைக்கோளில் உள்ள கருவி இரண்டும் இருக்கின்றன. இரண்டாவது கருவி இயங்கும் கேயு-அலைவரிசையில் கனமழை காற்றின் கணக்கைக் கெடுக்கும், அஸ்காட்டில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் எதுவுமே கரையை ஒட்டிய ஒன்றிரண்டு கட்டத்தில் நம்பத்தக்க மதிப்பு தராது, நிலத்தின் எதிரொலி கலந்துவிடும். காசிமேட்டுப் படகுகள் நிற்கும் பகுதிக்குத் துறைமுகக் கட்டடத்தின் மேல் 2002 முதல் இயங்கும் டாப்ளர் ரேடார்தான் கண். அதன் படங்கள் கிடைத்தால் சேமித்து வையுங்கள்.

ஐந்தாம் படி: மாடல் ஓட்டுவது

வானிலையைக் கணக்கிடும் டபிள்யூஆர்எஃப் மாடல் இலவசம், மூலநிரலோடு கிடைக்கும். அதன் முன்வேலைத் தொகுப்பில் மூன்று நிரல்கள்: ஜியோகிரிட் நிலத்தை அமைக்கும், அன்கிரிப் உலக மாடல் தரவைப் பிரித்தெடுக்கும், மெட்கிரிட் அதை நம் கட்டத்தில் இறக்கும். பிறகு 'ரியல்' தொடக்க நிலையைத் தயாரிக்கும், கடைசியில் 'டபிள்யூஆர்எஃப்' கணக்கை ஓட்டும். நிலத் தரவுக்கு மட்டும் சுமார் 30 ஜிபி இடம் ஒதுக்குங்கள். தொடக்க நிலைக்கு அமெரிக்காவின் உலக மாடலான ஜிஎஃப்எஸ்ஸின் 0.25 பாகைத் தரவு, காப்பகத்தில் பழைய தேதிகளுக்கும் உண்டு.

நம் புயலுக்குப் பொருந்தும் அமைப்பு இது. வெளிக் கட்டத்தில் புள்ளிகளுக்கு இடையே 9 கி.மீ., 251 × 221 புள்ளி, மையம் வடக்கு 13.5, கிழக்கு 82.5, மெர்கேட்டர் வரைமுறை. உள்கட்டம் 3 கி.மீ., 301 × 301. உள்கட்ட எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் மூன்றால் வகுபட வேண்டும், இல்லையென்றால் ஜியோகிரிட் நின்றுவிடும். புயலோடு நகரும் உள்கட்டமும் வைக்கலாம். நமக்கு அது வேண்டாம். சென்னையை விட்டு நகர்ந்துபோகும். உள்கட்டத்தின் மேற்கு ஓரம் மலைமேட்டில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே பொய் மழை பிறக்கும். செங்குத்தாக 40 அடுக்கு, உச்சி 50 ஹெக்டாபாஸ்கல்.

தொடக்கம் டிசம்பர் 2, 12 யுடிசி. முடிவு டிசம்பர் 5, 12 யுடிசி. மொத்தம் 72 மணி. மாடல் நிலைகொள்ள முதல் 6 முதல் 12 மணி நேரம் ஆகும், அந்தப் பகுதியை ஆய்வில் சேர்க்காதீர்கள். நமக்கு வேண்டிய மழை ஒரு நாள் கழித்துத்தான் தொடங்குகிறது, அதனால் இடிக்காது.

காலப்படி (மாடல் ஒரு தாவலில் கடக்கும் நேரம்), கட்ட அளவு கிலோமீட்டரைப் போல ஆறு மடங்கு விநாடி என்பது பொதுவிதி, 9 கி.மீ.க்கு 54. புயலில் 45 வையுங்கள். நிலையாக ஓடும், 3600-ஐ மிச்சமில்லாமல் வகுப்பதால் மணிக்கணக்கு வெளியீடும் சரியாக விழும்.

இயற்பியல் தெரிவுகளுக்கு அமைப்புக் கோப்பில் இட வேண்டிய எண்கள்: மைக்ரோஃபிசிக்ஸ் (மேகத்துளி, பனித்துகள் கணக்கு) 6 அல்லது 8, எல்லைப்படலம் (தரையை ஒட்டிய காற்றடுக்கு) 1, மேற்பரப்பு 1, கதிர்வீச்சு 4, நிலம் 2. திரள்மேகத் திட்டம் வெளிக் கட்டத்தில் 1, உள்கட்டத்தில் 0. 3 கி.மீ.யில் பெரிய மழைமேகத்தை மாடல் தானே உருவாக்கும், அங்கேயும் திட்டத்தைப் போட்டால் மழையை இரண்டு முறை எண்ணியது போலாகும். புயலுக்கென்று உள்ள கடற்பரப்பு உராய்வுத் தெரிவை 1 ஆக்குங்கள்.

கடல் வெப்பத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். எதையும் மாற்றாமல் ஓட்டினால் கடல் 72 மணி நேரமும் ஒரே வெப்பத்தில் நிற்கும். மெதுவாக ஊரும் புயலோ அடியிலிருந்து குளிர்ந்த நீரைக் கலக்கி மேலே கொண்டுவந்து தன் எரிபொருளைத் தானே குறைத்துக்கொள்ளும். மாடலுக்கு அது தெரியாததால் புயல் அளவுக்கு மீறி வலுக்கும். எளிய கலப்புப்படலக் கடல் தெரிவை 1 ஆக்கினால் இது ஓரளவு சரியாகும். இயல்பாக அது 50 மீட்டர் ஆழம் எடுத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவத்தில் வங்கக்கடலின் மேற்பரப்பில் ஆற்று நன்னீர் படலமாகக் கிடந்து இந்தக் கலப்பைத் தடுப்பதும் உண்டு. ஆகவே 20, 50, 80 என்று மூன்று ஆழத்தில் ஓட்டி, மைய அழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

16 கோர் கணினியில் ஓர் ஓட்டம் அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை எடுக்கும். மணிக்கொரு வெளியீடு என்றால் உள்கட்டத்துக்கு மட்டும் 20 ஜிபிக்கு மேல் போகும்.

நிற்கும் இடங்களும் காரணங்களும்: 'ரியல்' அடுக்கு எண்ணிக்கை பொருந்தவில்லை என்றால், மெட்கிரிட் கோப்பைத் திறந்து உண்மையான எண்ணைப் பார்த்து அமைப்புக் கோப்பில் மாற்றுங்கள். அன்கிரிப் வெற்றுக் கோப்பு தந்தால் ஜிஎஃப்எஸ்ஸுக்கு உரிய மாறிப்பட்டியலை இணைக்க மறந்திருப்பீர்கள். நடுவில் மாடல் உடைந்தால் பிழைப்பதிவில் 'சிஎஃப்எல்' (காலப்படி நீளமாக இருப்பதால் வரும் பிழை) என்று தேடுங்கள். அது இருந்தால் காலப்படியை 36-க்கு இறக்குங்கள், செங்குத்து வேகத் தணிப்பை இயக்குங்கள். ஓடி முடிந்தாலும் பழவேற்காடு ஏரியின் மேற்பரப்பு வெப்பத்தை ஒருமுறை பாருங்கள். சிறு நீர்நிலைகளுக்கு உலகத் தரவு சரியான மதிப்பு தராததால் அங்கே அபத்தமான எண் வந்து உட்கார்ந்திருக்கும், வடக்கே பக்கத்தில் இருப்பதால் நம் மழையையும் தொடும்.

ஆறாம் படி: இரண்டையும் மோதவிடுவது

மாடல் மழை தொடக்கத்திலிருந்து கூடிக்கொண்டே போகும் எண். ஒரு மணி நேர மழை வேண்டுமென்றால் அடுத்த மணி மதிப்பிலிருந்து முந்தைய மணியைக் கழிக்க வேண்டும்.

முதல் ஒப்பீடு பாதை. ஒவ்வொரு ஆறு மணிக்கும் மாடல் மையத்துக்கும் பதிவான மையத்துக்கும் உள்ள தூரத்தைக் கி.மீ.யில் எழுதுங்கள். அதைப் பாதையோடு ஒரு பங்கு, பாதைக்குக் குறுக்கே ஒரு பங்கு என்று பிரியுங்கள். முதல் பங்கு வேகப்பிழை. மிக்ஜாம் போன்ற புயலில் அதுவே பெரிய பாதிப்பைத் தரும். மாடல் புயல் ஆறு மணி நேரம் முன்னதாக நெல்லூரைத் தாண்டிவிட்டால் சென்னை மழை பாதியாகிவிடும், பாதை கச்சிதமாக இருந்தாலும்.

இரண்டாவது மேகம். மாடலின் வெளிச்செல்லும் வெப்பக்கதிர் அளவை எடுங்கள். அதை ஸ்டீஃபான்-போல்ட்ஸ்மான் மாறிலியால் வகுத்து நான்காம் மூலம் கண்டால் பாய வெப்பநிலை வரும். பாய வெப்பநிலை = பிரகாச வெப்பநிலை × (1.228 − 0.001106 × பிரகாச வெப்பநிலை) என்ற சமன்பாட்டைத் தீர்த்தால் (எல்லாம் கெல்வினில்) இன்சாட் படத்தோடு ஒப்பிடத்தக்க படம் கிடைக்கும். குளிர்ந்த பகுதியின் பரப்பு மாடலில் மிகப் பெரிதாக வந்தால் மைக்ரோஃபிசிக்ஸ் பனியை அதிகம் தூக்குகிறது என்று அர்த்தம். 6-க்குப் பதில் 8 போட்டுத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

மூன்றாவது மழை. புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டால் 15 கி.மீ. தள்ளிப் பெய்த நல்ல கணிப்புக்கு இரட்டைத் தண்டனை கிடைக்கும்: பெய்த இடத்திலும் தவறு, பெய்யாத இடத்திலும் தவறு. 30 கி.மீ. சதுரத்துக்குள் 100 மி.மீ.க்கு மேல் பெய்த கட்டங்களின் விகிதத்தை இரண்டிலும் எண்ணி ஒப்பிடுங்கள். 3 கி.மீ. மாடலால் 6, 7 கட்டத்துக்குக் கீழே உள்ள விவரத்தை நம்பும்படி சொல்ல முடியாது. அது சுமார் 20 கி.மீ., வடசென்னை முழுதும் அதற்குள் அடங்கிவிடும்.

ஓர் ஓட்டத்தோடு நிற்காதீர்கள். தொடக்கத்தை 2-ஆம் தேதி 00, 06, 12, 18 யுடிசி என நான்காக மாற்றி ஓட்டுங்கள். நான்கிலும் மழைப்பட்டை சென்னை மேல் நின்றால் அது புயலின் குணம். ஒன்றில் மட்டும் நின்றால் அந்த ஓட்டத்தின் தற்செயல்.

ஏழாம் படி: தண்ணீர் எங்கே நின்றது

ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் ரேடார் படம் மேகத்தையும் இரவையும் பொருட்படுத்தாது. புயலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டும் ஒரே சுற்றுப்பாதை எண்ணில் இருக்க வேண்டும். அளவுத்திருத்தம், புள்ளியிரைச்சல் வடிகட்டி, நிலவடிவத் திருத்தம் செய்து டெசிபெலுக்கு மாற்றி, 3 டெசிபெலுக்கு மேல் இருண்ட இடங்களை எடுங்கள். எண்ணூர்க் கழிமுகம், பழவேற்காடு, உப்பளம், சாம்பல் குளங்கள் இவற்றை முன்னதாகவே நீக்கிவிடுங்கள். அவை எப்போதும் இருட்டாகத்தான் தெரியும்.

வியாசர்பாடியின் நெருக்கமான தெருக்களில் இந்த முறை பலிக்காது. தண்ணீரில் பட்ட கதிர் சுவரில் மோதித் திரும்புவதால் வெள்ளம் நின்ற தெரு இருள்வதற்குப் பதிலாகப் பளிச்சென்று தெரியலாம். படத்தில் காணவில்லை என்பதால் வெள்ளம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அந்தத் தெருக்காரர்களைக் கேட்டு, சுவரில் பதிந்த நீர்க்கறையை அளந்து சேருங்கள். இன்னொன்று: 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெயும் பரவியது. எண்ணெய்ப் படலம் சிற்றலையை அடக்குவதால் ரேடாரில் அதுவும் கறுப்பாகவே விழும். லேசான காற்றாவது இருந்து சுற்றிலும் அலை இருந்தால்தான் பிரித்தறிய முடியும். காற்றே இல்லாத நேரத்துப் படம் இதற்கு உதவாது.

கடல் மட்ட உயர்வை டபிள்யூஆர்எஃப் கணக்கிடாது. அதற்கு ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் பயன்படுத்துவது போன்ற தனி மாடல் வேண்டும். ஆனால் இரண்டாம் படியில் போட்ட காற்றுத்திசை அட்டவணையை ஓத அட்டவணையோடும், பூண்டியிலிருந்து திறந்த நீர் கொசஸ்தலையாறு வழியாக வந்துசேரும் நேரத்தோடும் ஒரே தாளில் வரைந்தாலே, முகத்துவாரம் எந்த மணி நேரங்களில் அடைபட்டிருக்கும் என்பது தெளிவாகும்.

புயல் நடந்துகொண்டிருக்கும்போது இதை ஓட்டிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் படங்களை எச்சரிக்கையாக வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதற்கு வானிலை மையத்தின் அறிவிப்பும் துறைமுகத்தில் ஏற்றும் கூண்டும்தான் கணக்கு.

மிக்ஜாம் முடிந்ததும் அதே அமைப்பில் இந்த மூன்றையும் ஓட்டுங்கள். 2016 டிசம்பர் 12-இல் சென்னையையே கடந்த வர்தாவில், கண் கடக்கும்போது காற்று அடங்கித் திசை மாறியதை மாடல் பிடிக்கிறதா என்று பாருங்கள். 2022 டிசம்பரில் மாமல்லபுரம் அருகே கடந்த மாண்டஸில் வடசென்னை மையத்துக்கு வடக்கே, கடல்காற்று மோதும் பக்கத்தில் இருந்தது. காசிமேடு, திருவொற்றியூர் கரைக்கு அது என்ன செய்தது என்று பாருங்கள். 2024 நவம்பர் கடைசியில் புதுச்சேரி அருகே கரை கடந்த பிறகும் பல மணி நேரம் நகராமல் நின்ற ஃபெஞ்சலில், மாடல் அதை அங்கேயே நிறுத்துகிறதா, மேற்கே இழுத்துக்கொண்டு போய்விடுகிறதா என்று பாருங்கள்.